முப்பது சதவீதமும் மீதி எழுபதும்: குலசேகரம் மாணவி ஒருவரின் ஜெர்மனி விண்ணப்பங்கள், 2023–2025

2023 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நான் வாரந்தோறும் போய் உட்காரும் படிப்பகத்துக்கு ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பாலிடெக்னிக்கில் கட்டடத் துறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் காகிதம் சரிபார்த்துக் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. மகள் கையில் நீல நிற பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறந்ததும் மேலாக இருந்தது ஒரு 'ஸ்காலர்ஷிப்' கடிதம். முப்பது சதவீதம் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. "சாரே, ஸ்காலர்ஷிப்பு கெடச்ச பொறவும் பேங்குல பைசா தரமாட்டேங்கான். என்னவாக்கும் காரியம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. அந்தக் கடிதத்துக்கு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைத்தவர்களிடம்தான் தவறு.

அந்தப் பிள்ளையின் இரண்டு வருடக் கதையைத் தேதிவாரியாக எழுதுகிறேன். அவளும் வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெயர் இல்லாமலே இந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இது பொருந்தும்.

முதல் சுற்று: கழிவா, உதவித்தொகையா

அவள் 2021இல் மாவட்டத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தவள். அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், சி.ஜி.பி.ஏ பத்துக்கு 7.84. நீர்வளப் பொறியியலில் மேல்படிப்பு படிக்க ஆசை. நாகர்கோவிலில் ஒரு ஏஜென்சி 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அவளை ஜெர்மனியின் தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் சேர்க்க ஏற்பாடு செய்தது. படிப்பு முழுவதற்கும் கட்டணம் 24,000 யூரோ. அதில் முப்பது சதவீதக் கழிவு, அதாவது தள்ளுபடி; அதற்குத்தான் 'ஸ்காலர்ஷிப்' என்று பெயர். இடத்தை உறுதிசெய்ய 1,000 யூரோ முன்பணமும் கட்டியாயிற்று.

கணக்கை அப்பாவுக்கு முன்னால் ஒரு நோட்டில் போட்டுக் காட்டினேன். முப்பது சதவீதம் போக மீதி 16,800 யூரோ. முதல் வருடத்துக்குப் பாதி, 8,400. அதோடு விசாவுக்காக ஜெர்மன் அரசு கேட்கும் முடக்கக் கணக்கு, 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று எல்லோரும் சொல்வது. ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே அதில் போட்டுவைத்து, அங்கே போன பிறகு மாதாமாதம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் அதற்கு 11,208 யூரோ. இரண்டையும் கூட்டினால் அன்றைய மதிப்பில் பதினேழரை லட்சத்துக்கும் மேல். இதெல்லாம் வகுப்பில் காலடி வைக்கும் முன்பே புரட்ட வேண்டிய பணம்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கிறது. மற்றபடி பருவத்துக்கு 300 யூரோ அளவில் ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். பல இடங்களில் அதிலேயே பேருந்து, ரயில் பாஸும் சேர்ந்துவிடும். முப்பது சதவீதக் கழிவோடு 16,800 யூரோ கட்டுவதா, கழிவே இல்லாமல் நான்கு பருவத்துக்குமாக 1,200 யூரோ கட்டுவதா? அந்தப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாருமே வைத்திருக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

வங்கி ஏன் மறுத்தது என்பது எளிய விஷயம். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. நான்கு லட்சத்துக்கு மேல் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். ஏழரையைத் தாண்டினால் ஈடு கட்டாயம். இவர்களுக்கு இருந்தது 38 சென்ட். பத்திரம் இறந்துபோன தாத்தா பெயரில், வாரிசு நான்கு பேர், ஒருவர் வளைகுடாவில். வாரிசுச் சான்றும் பாகப் பிரிவினையும் முடிவதற்குள் அந்த வருடப் பருவம் தொடங்கிவிட்டது. முன்பணத்தை விசா மறுக்கப்பட்டால் மட்டும்தான் திருப்பித் தருவோம் என்றது அந்த ஜெர்மன் கல்வி நிறுவனம். இவள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கட்டத்துக்கே போகவில்லை. ஏஜென்சியும் பணம் தரவில்லை.

2.3 ஆ, 2.6 ஆ

அந்த நீல ஃபைலில் இன்னொரு காகிதம் இருந்தது. ஏஜென்சி அவளுடைய மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்றி 2.3 என்று எழுதியிருந்தது. அங்கே 1 உயர்ந்தது, 4 தேர்ச்சியின் கடைசி. மாற்றும் முறைக்கு பவேரியன் சூத்திரம் என்று பெயர்: அதிகபட்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும்.

ஏஜென்சி குறைந்தபட்சத் தேர்ச்சியை 5 என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. மதிப்பெண் பட்டியலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். 2017 ஒழுங்குமுறையில் படித்தவள். பின்பக்கக் கிரேடு அட்டவணையில் தேர்ச்சிக்குரிய கடைசி கிரேடு 'பி'. அதற்குப் புள்ளி 6. ஆறு என்று வைத்தால் 2.16ஐ 4ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டினால் 2.62.

நல்ல படிப்புகள் பலவற்றில் 2.5 என்பதுதான் வாசல். 2.3 என்று நம்பிக் காசு கட்டி அனுப்பும் விண்ணப்பம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். காரணமும் சொல்ல மாட்டார்கள். இதைச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. "மக்களே, இது கெட்ட செய்தி இல்ல. எங்க போடக்கூடாதுன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றேன். அன்றிலிருந்து 2.5 வரம்பு வைத்த படிப்பு ஒன்றுக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. வரம்பை 3.0 என்று வைத்தவை, அல்லது வேலை அனுபவத்துக்கும் மதிப்பு கொடுப்பவை என்று தேடி எடுத்தோம்.

இரண்டாம் சுற்று: தேதியால் போனது

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவையான டி.ஏ.ஏ.டி, வளரும் நாட்டவர்களுக்கென்று 'எபோஸ்' என்ற உதவித்தொகையை வைத்திருக்கிறது. முதுகலை மாணவருக்கு மாதம் 992 யூரோ (அப்போது 934), மருத்துவக் காப்பீடு, பயணப்படி, ஜெர்மன் மொழி வகுப்பு எல்லாம் சேர்ந்தது. இதுதான் உண்மையான உதவித்தொகை. நீர்வளம் சார்ந்த படிப்புகளும் அதன் பட்டியலில் உண்டு. நிபந்தனை இரண்டை மறக்கவே கூடாது: பட்டம் வாங்கிய பிறகு அந்தத் துறையிலேயே குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. படிப்பைப் பொறுத்துக் கடைசித் தேதி மாறும். ஆனால் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள், அதாவது வகுப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே முடிந்துவிடும்.

நம்மூரில் பெரும்பாலானோர் நினைப்பது வேறு. முதலில் அட்மிஷன், பிறகு அதைக் காட்டி ஸ்காலர்ஷிப். அட்மிஷன் கடிதம் ஜூனில் வரும்; அந்த வருடத்து எபோஸ் வாசலை அதற்கு முந்தைய அக்டோபரிலேயே அடைத்திருப்பார்கள்.

அவள் 2021 செப்டம்பரிலிருந்து நாகர்கோவிலில் ஒரு சிறிய சர்வே நிறுவனத்தில் வேலை பார்த்தாள். 2023 செப்டம்பர் கடைசிக்குள் இரண்டு வருடம் ஆகிவிடும் என்று கணக்குப் பார்த்து அவசரமாக விண்ணப்பித்தோம். முதலாளி நேர்மையான மனிதர். சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதினார்: முதல் நான்கு மாதம் பயிற்சியாளர், 2022 ஜனவரியிலிருந்துதான் நிரந்தரம். நான்கு மாதம் குறைந்தது. விதிமுறைகளை நிறைவு செய்யவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிப் பார்க்காதது என் தவறு. இப்போது யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலை இல்லை, அனுபவச் சான்றைத்தான்.

அதே சமயத்தில் ஏ.பி.எஸ் வேலையைத் தொடங்கினோம். இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் காகிதம் அது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். "அதைப் பெறவு பாத்துக்கலாம்" என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. 2023இல் அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

பெயர் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், ஒன்று வீட்டுப்பெயருக்கு, ஒன்று அப்பாவுக்கு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் உட்பட எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும். ஏஜென்சி ஒரு விண்ணப்பத்தில் அப்பா பெயரை அவள் பெயராகவே போட்டிருந்தது. அதைத் திருத்த ஒரு மாதம் ஆனது.

குளத்தைப் பற்றிய கடிதம்

2024இல் மீண்டும் எபோஸ். இந்த முறை அனுபவம் இரண்டரை வருடத்தைத் தாண்டியிருந்தது. மிச்சமிருந்தது நோக்கக் கடிதம்.

பழைய கடிதம் ஏஜென்சி எழுதிக் கொடுத்தது. சிறு வயதிலிருந்தே பொறியியலில் தீராத ஆர்வம் என்று தொடங்கும். அதே கடிதத்தை, பெயர் மட்டும் மாற்றி, வேறு இரண்டு பிள்ளைகளின் ஃபைலிலும் நான் பார்த்திருக்கிறேன்.

"நீ வேலையில என்ன செஞ்சே, அத சொல்லு" என்றேன். முதலில் தயங்கினாள். பிறகு பட்டணங்கால் வாய்க்காலின் ஒரு கிளையில் மட்டம் பார்த்ததைச் சொன்னாள். கிள்ளியூர்ப் பக்கம் அத்தை வீட்டருகே இருக்கும் குளத்துக்கு அந்தக் கிளையிலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். கடைமடை. தலைமடையில் தண்ணீர் போகும் நாளிலும் அங்கே ஈரம் இருக்காது. பேச்சிப்பாறை அணையிலிருந்து திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும், அத்தை வெறும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இவள் மட்டம் பார்த்தபோது ஓரிடத்தில் வாய்க்கால் தரை, கீழே இருக்க வேண்டியது, மேலே ஏறியிருந்தது. யாரோ தோட்டத்துக்குப் போக மண் போட்டு, அதன் மேல் கான்கிரீட் பலகை வைத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன இடம். நாற்பது சென்டிமீட்டர். அந்த நாற்பது சென்டிமீட்டர்தான் குளத்தை வறள வைத்தது என்று அவள் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"இத ஏன் மக்களே எழுதல?"

"இது சின்ன வேலைதானே சார்."

அதையே எழுத வைத்தேன். 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை, திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில் மிஞ்சின் என்ற பொறியாளர் கட்டியது, அதிலிருந்து பிரியும் கால்வாய்கள், கடைசியில் அத்தை வீட்டுக் குளம், நாற்பது சென்டிமீட்டர். பிறகு, இந்த மாதிரிக் கால்வாய் முறைகளை ஒன்றாகப் பார்த்து நிர்வகிக்க என்ன கற்க வேண்டும், திரும்பி வந்து எங்கே வேலை செய்வேன் என்பது. ஒன்றரைப் பக்கம். நான் ஆங்கிலத்தை மட்டும் திருத்தினேன். என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு மாணவர் எழுதிய நல்ல எழுத்தில் அதையும் ஒன்றாகச் சொல்வேன்.

2025 மார்ச்சில் பதில் வந்தது. தேர்வாகவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. என் கணிப்பு, பரிந்துரைக் கடிதம் பலவீனமாக இருந்தது. கல்லூரியில் ஒரு மூத்த ஆசிரியரிடம் வாங்கியது அது. அவர் எல்லோருக்கும் தரும் அதே நான்கு வரி. அவளை நேரில் வேலை செய்யப் பார்த்த சர்வே நிறுவன முதலாளியிடம் நீளமாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைக்கும் அந்த ஜனவரியில் விண்ணப்பித்திருந்தாள். அதில் தேர்வானால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, இருபத்துநான்கு மாதம் வரை. அங்கிருந்தும் கடிதம் வந்தது: இடம் உண்டு, உதவித்தொகை இல்லை, சொந்தச் செலவில் சேரலாம். வீட்டில் ஒரு நாள் முழுக்கக் கொண்டாட்டம். இரண்டாவது பத்தியை மறுநாள்தான் படித்தார்கள்.

யாருக்கு எது திறக்கும்

நடுவில் ஒன்று. அதே படிப்பகத்துக்கு வந்த கிறித்தவ ஆதிதிராவிட இளைஞன் ஒருவனுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வருடத்துக்கு 125 இடம். உலகத் தரவரிசையில் 500க்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம், 60 சதவீத மதிப்பெண், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குக் கீழ். அவனிடம் எல்லாம் இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். அவனுக்கு அந்த வாசல் அடைபட்டது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் கிறித்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொள்கிறது. வருடத்துக்கு 36 லட்சம் வரை. நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் கேட்டால் விண்ணப்பம் பற்றிச் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் இந்த ஒரு தகவல் தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

சிறுபான்மையினருக்கு வெளிநாட்டுக் கல்விக் கடன் வட்டியை அரசே ஏற்றுக்கொண்ட 'பதோ பர்தேஷ்' திட்டம் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய நோட்டீஸைப் பார்த்துவிட்டு இன்னும் கேட்டு வருகிறார்கள். பி.எம். வித்யாலட்சுமி இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு மட்டும்.

கடைசிக் கணக்கு

உதவித்தொகை இல்லை என்றான பிறகு மிச்சமிருந்தது கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகம். மார்ச், மே கடைசித் தேதி உள்ள மூன்று படிப்புகள். ஜூலை 15 வரை காத்திருக்கும் படிப்புகளை வேண்டாம் என்றேன். பதில் ஆகஸ்டில் வந்தால் விசாவுக்கு நேரம் போதாது. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தது ஒவ்வொன்றும் 30, மொத்தம் 135. ஐஇஎல்டிஎஸ் 2023 ஜனவரியில் எழுதியது, இரண்டு வருடம்தான் செல்லும். பிப்ரவரியில் திருவனந்தபுரம் போய் மறுபடி எழுதினாள். ஜூனில் ஒரு இடம் கிடைத்தது.

அதற்குள் முடக்கக் கணக்கு 11,904 யூரோ ஆகியிருந்தது, ஏறக்குறைய பதினொன்றே முக்கால் லட்சம். விமானம், விசா, காப்பீடு, முதல் மாத வாடகை என்று எல்லாம் சேர்த்து 13.2 லட்சம். வங்கிக் கடன் 7.5, சித்தப்பா ஜாமீன். நான்கு வருடச் சம்பளத்தில் அவள் சேர்த்தது 2.8. அம்மா பிடித்த சீட்டு 1.5. அம்மாவின் சங்கிலி அடகு 1.4. தாத்தா பெயரில் இருக்கும் 38 சென்ட் இதில் வரவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

வருமானச் சான்றுக்குத்தான் நடந்தார்கள். பால் வெட்டுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மழை நாளில் வெட்டும் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வட்டாட்சியர் கையெழுத்து ஆக மூன்று வாரம். விசா நேர்காணலுக்குச் சென்னை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் அப்பாவும் கூடப் போனார். வெளியே நின்றிருந்தவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியவில்லை. எனக்கு ஃபோன் போட்டு, "சாரே, பிள்ள சிரிச்சிட்டே வருது" என்றார்.

2025 செப்டம்பர் கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினாள்.

இப்போது மாணவர் விடுதியில் மாதம் 340 யூரோ வாடகை, காப்பீடு ஏறக்குறைய 145. முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 வருகிறது. வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை பார்க்கலாம். துறையின் நீரியல் ஆய்வகத்தில் வாரம் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறாள். சேர்ந்த பிறகும் விண்ணப்பிக்க முடிகிற 'டாய்ச்லாண்ட்-ஸ்டிபெண்டியம்' என்று ஒன்று உண்டு. மாதம் 300 யூரோ, பாதி ஜெர்மன் அரசும் பாதி தனியாரும் தருவது, வெளிநாட்டு மாணவருக்கும் திறந்தது. போன வாரம் அதற்கான கடிதத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். முதல் வரி அத்தை வீட்டுக் குளத்தில் தொடங்குகிறது. பரிந்துரைக் கடிதம் சர்வே நிறுவன முதலாளியுடையது, இரண்டு பக்கம்.